மஞ்சள்தான் எரிந்தது

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் எங்கள் முதலாளி வேதாசலம் சார் எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார். டீ ஆறிப்போகும் வரை பேசினார். நாற்பது ஸ்டேஷன்களுக்கான சிக்னல் டெண்டரில் கடைசிக் கட்டத்துக்கு இரண்டே கம்பெனிகள் வந்திருக்கின்றன. ஒன்று எங்கள் தென்னாடு சிக்னல்ஸ். இன்னொன்று ஒரு ஐரோப்பியக் கம்பெனி. எங்கள் ஃபேக்டரியில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை, "வெள்ளைக்காரன் கம்பெனி" என்றுதான் சொல்வோம்.

"நம்ம ரயில் எப்ப நிக்கணும், எப்ப ஓடணும்னு எவனோ செஞ்ச பெட்டி சொல்லிக்கிட்டிருக்கு. அதுல ஒரு எழுத்து மாத்தணும்னாக்கூட அவன்கிட்ட போய் நிக்கணும். இந்தத் தடவை நம்ம பெட்டி, நம்ம மூளை" என்றார் சார். என் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் முனிரத்தினம்தான் முதலில் கைதட்டினார். நானும் தட்டினேன். பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன், அவர் பேசினால் இன்னும் கை தானாகத் தட்டுகிறது.

பாதிக்கு மேல் உள்நாட்டில் செய்த பொருள் என்று உறுதிமொழி கொடுத்திருக்கிறோம். அதனால் விலை சற்றுக் கூடினாலும் முன்னுரிமை எங்களுக்குத்தான். மே இரண்டாம் வாரம் சென்னையில் இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துச் சோதிப்பார்கள். அதற்குள் இங்கே எல்லாச் சோதனைகளையும் முடித்து நான் கையெழுத்துப் போட வேண்டும்.

மிருதுளாவின் வகுப்பில் பெற்றோரின் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். "அப்பா ரயில் சிக்னலுக்கு மூளை செய்றார். அந்த மூளை ஒழுங்கா வேலை செய்யுதான்னு அம்மா பரீட்சை வைக்கிறாங்க. அம்மாதான் ஸ்ட்ரிக்ட்" என்று சொன்னாளாம். அவள் அப்பா சாரங்கனிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டெண்டர் நேரம், டிசைன் முழுக்க அவர் தலையில்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

மாவு புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜ் தட்டெல்லாம் வழிந்துவிட்டது. ஓசூரில் இப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

எழுதுவதற்கே கை வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியைச் சேம்பரில் வைத்துச் சூடேற்றினோம். தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் இரும்பு அறைக்குள் மே மாத மத்தியானத்தில் எவ்வளவு சூடு இருக்குமோ அவ்வளவு. எதிரே வழக்கம்போல விளக்குப் பலகை. பாதையில் இன்னொரு ரயில் நிற்பதாகப் பெட்டிக்குச் சொல்லியிருந்தோம். அப்படியென்றால் சிக்னல் சிவப்பு. வேறு எதுவும் எரியக்கூடாது. மின்சாரம் போனாலும், கார்டு செத்தாலும், இடி விழுந்தாலும் சிவப்பு. எங்கள் தொழிலே அதுதான். சந்தேகம் வந்தால் ரயிலை நிறுத்து.

மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தேன். கிராமத்து லைனில் நடப்பதுதான்.

மஞ்சள் எரிந்தது.

மஞ்சள் என்றால் டிரைவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சிக்னலைத் தாண்டலாம். நின்றுகொண்டிருக்கும் இன்னொரு ரயிலை நோக்கி. முனிரத்தினமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் சிவப்பு வந்துவிட்டது. கண் சிமிட்டும் நேரம் என்று சொல்ல முடியாது. முனிரத்தினம் "மேடம்" என்று சொல்லி முடிக்கும் அளவுக்கு அது எரிந்தது.

"மேடம், லாக்ல பாருங்க" என்றார். பெட்டியே எழுதும் பதிவில் பார்த்தோம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. மஞ்சள் என்று ஒரு வரிகூட இல்லை. தான் செய்தது அதற்கே தெரியவில்லை.

மறுபடி ஒருமுறை மேலிருந்து படித்தேன்.

ஏப்ரல் 12, சனி

சாரங்கனிடம் சொன்னேன். ஓடி வருவார், "காட்டு" என்பார் என்று நினைத்தேன். "டெஸ்ட் பண்ற ரிக்ல எங்கயாவது லூஸ் கனெக்‌ஷன் இருக்கும். வயரை மாத்திட்டுப் பாரு" என்றார். நியாயம்தான். வயர்களை மாற்றினோம், விளக்குப் பலகையையும் மாற்றினோம். மஞ்சள் எரிந்தது. எல்லாத் தடவையும் இல்லை. சூடு உச்சத்தில் இருக்கும்போது மட்டும்.

அவர் சோதனைக்கூடத்துப் பக்கமே வரவில்லை. வேலை அதிகம்.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருஷம். மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். சாரங்கனுக்கு போன் வந்துகொண்டே இருந்தது. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். பண்டிகை நாளில்கூட இந்த மனிதரை விடமாட்டேன் என்கிறார்கள்.

ஏப்ரல் 17, வியாழன்

பெட்டிக்குள் இருக்கும் மூளை கார்டின் மென்பொருளை வரிவரியாகப் பார்த்தால்தான் காரணம் தெரியும். சாரங்கனிடம் கேட்டேன். "சார் பர்மிஷன் குடுக்கணும்" என்றார். அவர் எழுதியதைப் பார்க்க அவருக்கே அனுமதி வேண்டுமா என்று கேட்டேன். டெண்டர் நேரத்துக் கட்டுப்பாடாம். இருக்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மிருதுளா கீபோர்டு வகுப்புக்குப் போயிருந்தாள். நான் சாப்பாட்டு மேஜையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சாரங்கன் எதிரில் பேப்பர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு சார்கிட்ட நானே போய்க் கேக்கறேன். மென்பொருளைப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"கேக்காதே."

"ஏன்?"

"அவர்கிட்ட இல்ல, வாசுகி. என்கிட்டயும் இல்ல."

நான் புரியாமல் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து மேஜையில் வைத்தார்.

"அது நான் எழுதினதில்ல. வாங்கினது. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. பூட்டித்தான் குடுப்பாங்க. மேல நம்ம ஸ்டிக்கர் ஒட்டறோம்."

"யார்கிட்ட வாங்கினது?"

அவர் பேப்பரின் மடிப்பை விரலால் நீவினார். நான் மறுபடி கேட்டேன்.

"அவங்ககிட்டதான்."

"எவங்க?"

"எதிர்ல நிக்கறாங்களே, அவங்க. வேற ஒரு பேர்ல ஒரு சின்ன கம்பெனி வெச்சிருக்காங்க, அது மூலமா வருது. பழைய மாடல். நாம ஜெயிச்சாலும் அவங்களுக்கு வியாபாரம், அவங்க ஜெயிச்சாலும் அவங்களுக்கு வியாபாரம்."

நான்கு வருடம் அவர் சொந்தமாக எழுதினார். அது எனக்குத் தெரியும். மிருதுளா பிறந்த சமயம், ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட லேப்டாப் வைத்துக்கொண்டு எழுதினார். அதற்குப் பாதுகாப்புச் சான்று வாங்க இன்னும் மூன்று வருடம் ஆகும் என்றார்களாம். அதுவரை கம்பெனி தாங்காது, இப்போதைக்கு வாங்கிப் போடு, அப்புறம் உன்னுடையதை மாற்றிக்கொள்ளலாம் என்றாராம் சார். "அந்த அப்புறம் வரவே இல்ல" என்றார் சாரங்கன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதானே டெஸ்ட் பண்றே. உனக்குத் தெரிஞ்சா நீ கையெழுத்துப் போட மாட்டே."

இதைச் சாதாரணமாகச் சொன்னார். என்னைப் பாராட்டுவதுபோல.

ஒன்று மட்டும் கேட்டேன். முந்தைய கான்ட்ராக்டில் பதினொரு ஸ்டேஷன்களில் எங்கள் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே எங்காவது இப்படி நடந்திருக்கிறதா? "இல்ல" என்றார். எழுந்து போய் ஒரு டம்ளரைக் கழுவினார். அது கழுவிய டம்ளர்தான். பாவம், அவருக்கும் இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

அவர் போன பிறகு பார்த்தேன். காம்புகளைப் பாத்திரத்திலும் இலைகளைக் குப்பைத் தாளிலும் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வேலைக்குப் போனேன். கேன்டீன் சுவரில் "நம் மண்ணின் மூளை" என்று எழுதிய பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். அதன் கீழே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

ஐரோப்பியக் கம்பெனிக்கு சாரங்கன் மெயில் போட்டுக் கேட்டாராம். பால்கனியில் பேசியதெல்லாம் அவர்களோடுதான் என்று இப்போது சொல்கிறார். பழைய மாடல், சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை இதை வெளியே பேசக்கூடாது, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது.

பதினொரு ஸ்டேஷன். வெயில் ஏறிக்கொண்டே போகிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

வேதாசலம் சார் அறை. சாரும் சாரங்கனும் நானும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சார் பொறுமையாகக் கேட்டார். மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாதா வாசுகி? எனக்கு மட்டும் வலிக்காதா? நான் ரயில்வேல வேலை பாத்தவன்மா. இந்த நாற்பது ஸ்டேஷன் கிடைச்சா கையில காசு வரும். அதுல சாரங்கனோட மூளைக்குச் சான்று வாங்கிடலாம். அப்ப நான் சொல்றது நிஜமாயிடும். கொஞ்ச நாள், அவ்வளவுதான்."

"அதுக்குள்ள ஒரு ரயில் மோதிட்டா?"

"அறைக்கு ஏசி போட்டுடலாம். சூடு ஏறாம பாத்துக்கலாம். பெரியகானப்பட்டி விஷயத்தையே நாம சமாளிக்கலையா?"

சொன்ன உடனே நிறுத்திக்கொண்டார். சாரங்கனைப் பார்த்தார். சாரங்கன் தரையைப் பார்த்தார்.

பெரியகானப்பட்டி எங்கள் பதினொன்றில் ஒன்று.

"அங்க என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சின்ன ரிப்பேர் என்றார். மோர் டம்ளரை எடுத்தேன், மேஜையில் சிந்திவிட்டேன். சார் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

வரும் வழியில், காரில், சாரங்கன் சொன்னார். கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

போன வருடம் மே மாதம். மத்தியான வேளை. ஒரு கூட்ஸ் வண்டி பெரியகானப்பட்டியில் சிவப்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. முன்னால் ஒரு பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. கூட்ஸ் டிரைவர் அதைப் பார்த்து அவசர பிரேக் போட்டார். சில ரயில்பெட்டி தூரம் இடைவெளி விட்டு வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த லோகோ பைலட் பெயர் சவரிமுத்து. "மஞ்சள்தான் எரிஞ்சுது, மஞ்சளைப் பாத்துத்தான் வந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். உதவி பைலட்டும் முதலில் மஞ்சள் என்றவர், பிறகு சரியாகக் கவனிக்கவில்லை என்று மாற்றிக்கொண்டார். பெட்டியின் பதிவு சிவப்பு என்றது. கம்பெனி சார்பில் விசாரணைக்குப் போனவர் சாரங்கன்.

"என்ன சொன்னீங்க?"

"பெட்டியில குறை இல்லன்னு எழுதிக் குடுத்தேன்."

"இருந்துதா?"

"அந்த நேரத்துல பெட்டி ஒரு தடவை நின்னு மறுபடி ஓடினதுக்கு அடையாளம் இருந்துது. ஏன்னு எனக்குத் தெரியல. சந்தேகம் வந்துது."

"சந்தேகம் வந்தா என்ன செய்யணும்?"

அவர் கியரை மாற்றினார்.

"அந்த ஆள் என்ன ஆனார்?"

"வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

டோல்கேட் தாண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்றேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவரும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். தள்ளிப் போய் நிற்கச் சொன்னேன்.

ஏப்ரல் 26, சனி

மிருதுளாவின் அறையில் படுத்துக்கொண்டேன். அந்த அறை ஏசி நன்றாக வேலை செய்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

ரயில்வே கோட்டத்து சிக்னல் அலுவலகத்தில் ஒரு அதிகாரிக்கு போன் செய்தேன். எந்தக் கம்பெனி, யார் என்று எல்லாம் சொன்னேன். நல்ல மனிதர்தான். "மேடம், டெண்டர் சமயத்துல தினமும் நாலு போன் வருது. எதிர்க் கம்பெனிக்காரன் பேசச் சொல்லியிருக்கான்னுதான் எடுத்துப்பாங்க. கமிட்டி முன்னால காட்ட முடியுமா உங்களால? அவங்க கண்ணால பாத்தா அன்னைக்கே நடவடிக்கை எடுப்பாங்க" என்றார்.

வைத்த பிறகு யோசித்தேன். எதிர்க் கம்பெனி. அவர் அந்தச் சொல்லைச் சொன்னதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முனிரத்தினம் பயந்துபோய்ப் பார்த்தார்.

ஏப்ரல் 30, புதன்

சோதனைச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. "நீ போடலன்னா வேற ஒருத்தர் போடுவாங்க. நூத்தைம்பது குடும்பம் இருக்கும்மா இங்க. உன் குடும்பமும் அதுல ஒண்ணு" என்றார். மத்தியானம் சேம்பர் அறைக்குப் புதுப் பூட்டு போட்டார்கள்.

சென்னைக்கு மட்டும் நான் போயாக வேண்டும். டெண்டரில் சோதனைப் பொறுப்பாளர் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள், மாற்ற முடியாது. "வந்து நில்லு, போதும். பேச வேண்டியதை நான் பேசிக்கறேன்" என்றார் சார்.

மே 3, சனி

தண்ணீர் லாரி வரவில்லை. மிருதுளாவுக்குப் புது ஷூ. "அப்பாகூட சண்டையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை, வயதாகிறதல்லவா.

மே 6, செவ்வாய்

சாப்பிடும்போது சாரங்கன் கேட்டார். "சென்னையில என்ன செய்யப் போறே?"

"தெரியல" என்றேன்.

எனக்குத் தெரியும். அவரிடம் சொல்ல நம்பிக்கை வரவில்லை. பதினான்கு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவரிடம்.

மே 9, வெள்ளி

ரயிலில் திரும்பி வரும்போது எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

சென்னையில் சோதனைக்கூடம் பெரிய ஹால். நடுவில் இரண்டு பெட்டிகள். எங்களுடையது நீலம், அவர்களுடையது சாம்பல். கமிட்டியில் ஐந்து பேர், தலைவர் ஓய்வு பெறும் வயதில் ஒரு பெண் அதிகாரி. எதிர்ப்பக்கம் அந்தக் கம்பெனியின் ஆட்கள் நாலு பேர், கோட் போட்டுக்கொண்டு. அவர்களில் ஒருவர் சாருக்கு வணக்கம் சொன்னார். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நடிப்பைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது.

சாதாரண அறை வெப்பத்தில் எல்லாச் சோதனையும் முடிந்தது. இரண்டு பெட்டியும் தேறின. தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "வேற ஏதாவது பாக்கணுமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். "மேடம், எங்க பெட்டியைச் சேம்பர்ல வெச்சுச் சூடேத்துங்க. அப்புறம் கரன்ட் சப்ளையை ஒரு தடவை நிறுத்திட்டு மறுபடி குடுங்க."

"அது அவசியமில்ல" என்றார் சார். "வாசுகிக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல. உக்காரும்மா."

"அவசியம் மேடம். ரயில் வெயில்லதான் ஓடுது" என்றேன்.

தலைவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "வைங்க" என்றார்.

சூடு ஏறும் வரை காத்திருந்தோம். ஒருவர் பிஸ்கட் தட்டை நீட்டினார், யாரும் எடுக்கவில்லை. முதல் தடவை சப்ளையை நிறுத்திக் கொடுத்தபோது சிவப்பு. இரண்டாவது தடவையும் சிவப்பு. சார் மெல்லச் சிரித்தார். மூன்றாவது தடவை மஞ்சள் எரிந்தது.

ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இது என்னது?" என்றார் தலைவர். அவர் குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"உங்க ரிக்ல ஏதோ லூஸ். வயரிங் சரியில்ல" என்றார் சார். "சாரங்கா, சொல்லேன்."

சாரங்கன் எழுந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரிக்ல குறை இல்ல சார்" என்றார் அவர். "மூளையில குறை. அது நாங்க செஞ்சதில்ல." எதிர்ப்பக்கம் திரும்பினார். "மேடம், அந்தப் பெட்டியையும் இதேபோலச் சூடேத்திப் பாருங்க."

கோட் போட்டவர்களில் மூத்தவர் எழுந்து, இது நடைமுறையில் இல்லாத ஒன்று, தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். தலைவர் அவரை முடிக்க விடவில்லை. "வைங்க" என்றார் மறுபடியும்.

சாம்பல் பெட்டியைச் சேம்பருக்குள் வைத்தார்கள். அது புது மாடல் என்றார்கள். எனக்கும் தெரியாது, அதில் அந்தக் குறையைச் சரிசெய்திருக்கலாம்.

முதல் தடவையிலேயே மஞ்சள் எரிந்தது. எங்களுடையதைவிட நேரம் கூட எரிந்தது.

நீலப் பெட்டிக்கும் சாம்பல் பெட்டிக்கும் நடுவில் தலைவர் நின்றுகொண்டு ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டார். கேள்வி அவர்களுக்குத்தான் என்பதுபோல அவர் கோட் போட்டவர்களைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். சார் உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடத்தில் கிழவராகிவிட்டார்.

"இது இப்ப எங்கெங்க ஓடுது?" என்று தலைவர் கேட்டார். சாரங்கன் பதினொரு ஸ்டேஷன் பெயரையும் சொன்னார். கோட் போட்டவர் தங்களுடையதை மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார். அது பதினொன்று இல்லை. அதற்குப் பல மடங்கு. ஒரு அதிகாரி போனை எடுத்துக்கொண்டு ஹாலை விட்டு ஓடினார். உண்மையாகவே ஓடினார்.

மே 10, சனி

அந்த ஸ்டேஷன்களில் எல்லாம் ரயில்கள் ஊர்ந்து போகின்றன. ஆள் நின்று கொடி காட்டுகிறார்கள். டெண்டர் ரத்து. செய்தியில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று ஒரு வரி.

மே 19, திங்கள்

கேன்டீன் பேனரைக் கழற்றிவிட்டார்கள். சார் வருவதில்லை. பாதிப் பேரை அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதில் முனிரத்தினமும் ஒருவர். என் மேஜைக்கு வந்தார்.

"நீங்க செஞ்சது சரிதான் மேடம். நானும் மஞ்சளைப் பாத்தவன்தான். ஆனா என் பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். இனிமே உங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வரும். தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 2, திங்கள்

நானும் சாரங்கனும் ராஜினாமா கொடுத்தோம். தனித்தனியாக.

பெரியகானப்பட்டி விஷயத்தில் தான் எழுதிக் கொடுத்தது பொய் என்று சாரங்கன் ரயில்வேக்குச் சொல்லிவிட்டார். அவர்மேல் வழக்கு வரலாம் என்கிறார் வக்கீல். சவரிமுத்துவின் வழக்கை மறுபடி எடுப்பார்களாம். எப்போது என்று தெரியாது.

"அவருக்கு யாராவது சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ஆஃபீஸ்ல இருந்து எப்பவாவது சொல்லுவாங்க."

"எப்பவாவது?"

ஜூன் 15, ஞாயிறு

சவரிமுத்துவைப் பார்க்க ஜோலார்பேட்டை போய் வந்தோம். நான் கூப்பிடவில்லை, சாரங்கனே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் வீடு. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி, பெயர் செலின். யார் என்று கேட்டார். சிக்னல் கம்பெனியிலிருந்து வருகிறோம் என்றேன். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே அசையாமல் நின்றார்.

"இன்னும் என்னா எழுதி வாங்கணும் உங்களுக்கு?" என்றார். "மூணு ஆஸ்பத்திரியில கண்ணு பாத்தாச்சு. நல்லாத்தான் இருக்குதுன்றாங்க. அவருதான் நம்பமாட்டேங்கறாரு. பைக் ஓட்றதை உட்டுட்டாரு. கடைக்குப் போனாலும் என்னைக் கூட வரச்சொல்றாரு."

சவரிமுத்து உள்ளேயிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். நாற்காலி போட்டார், உட்காரச் சொன்னார். சாரங்கன் உட்காரவில்லை.

"உங்களைத் தெரியுது" என்றார் சவரிமுத்து. "விசாரணையில எனக்கு எதிர்ல உக்காந்திருந்தீங்க. கம்பெனிக்காரர்."

"ஆமா" என்றார் சாரங்கன். அதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை. நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

"நீங்க பாத்தது மஞ்சள்தான்" என்றார் சாரங்கன். "பெட்டியிலதான் குறை. எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துது. இல்லன்னு எழுதிக் குடுத்தேன்."

செலின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"மஞ்சளா?" என்று கேட்டார் சவரிமுத்து.

"மஞ்சள்தான்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாத்தேன்" என்றேன். "எங்க சோதனைக்கூடத்துல. அப்புறம் சென்னையில எல்லாரும் பாத்தாங்க."

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் கண்களின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். கைகளை எடுத்தபோது கண்கள் காய்ந்திருந்தன. திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தோம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இங்க வந்து சொன்னா பத்தாது" என்றார். "எங்கூட வாங்க."

லுங்கியை மாற்றிக்கொண்டு பேன்ட் போட்டு வந்தார். டிரைவர்கள் டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் க்ரூ லாபிக்கு எங்களைக் கூட்டிப் போனார். வாசலில் ஒருவர் வெளியாட்களை விடலாமா என்று தயங்கினார். சவரிமுத்துவைப் பார்த்ததும் வழிவிட்டார். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், சிலர் டூட்டி முடிந்து, சிலர் ஏறப் போகிறவர்கள். ஒரு வருடமாக அவர் அங்கே கால் வைத்ததில்லை என்பது அவர்கள் எழுந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"சொல்லுங்க" என்றார் சவரிமுத்து.

சாரங்கன் எல்லோர் முன்னாலும் சொன்னார். இந்த முறை நிறுத்தாமல் சொன்னார். பெட்டி யாருடையது, யார் வாங்கினார்கள், தான் என்ன எழுதினார் என்பது வரை. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது.

இளவயது டிரைவர் ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏறத் தயாராக நின்றுகொண்டிருந்தார். அவர் சாரங்கனைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"அப்போ நாங்க எதைப் பாத்து வண்டி ஓட்றது மேடம்?"

அந்த ஸ்டேஷன்களில் இப்போது கொடி காட்டுகிறார்கள், பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டிக்குப் போனார். போகும்போது சவரிமுத்துவின் முன் நின்று, "அண்ணே" என்றார். சவரிமுத்து அவர் தோளில் கை வைத்து வாசல் வரை கூடப் போய் அனுப்பிவிட்டு வந்தார்.

ஒருவர் டீ வாங்கிவந்து சவரிமுத்துவிடம் கொடுத்தார். இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சாரங்கனுக்கு யாரும் டீ கொடுக்கவில்லை.

கிளம்பும்போது, வீட்டில் விட்டுவிட்டுப் போகட்டுமா என்று சவரிமுத்துவைக் கேட்டேன்.

"வேணாம்மா. நீங்க போங்க" என்றார். டம்ளரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் கொஞ்ச நேரம் இங்க இருந்துட்டு வர்றேன்."